மூன்றாம் ஞாயிறின் வெற்றுக் கட்டம்

இலண்டனின் வால்தம்ஸ்டோவில் முதல் ஞாயிற்றுக்கிழமை வாக்கு எண்ணி முடிந்த அதே நிமிடத்தில், பன்னிரண்டு மைலுக்கு அப்பால் கிங்ஸ்பரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் வாக்குச்சீட்டுகளிலிருந்து தோற்றவர்களின் பெயர்கள் அழிந்துபோகும். 2009ஆம் ஆண்டு தொடங்கி இப்படித்தான் நடந்து வருகிறது. பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருக்கும். பக்கத்தில் புள்ளடி போடுவதற்கான கட்டம் மட்டும் அப்படியே நிற்கும். வென்றவரின் பெயரில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஸ்ட்ரெதமில் இருக்கும் சீட்டுகளுக்கும் இதே கதிதான். ஆனால் ஸ்ட்ரெதம்காரர் இதைப் பற்றி ஒருமுறைகூட முறைப்பாடு செய்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். ஏன் செய்யவில்லை என்பது நமக்கு இன்றைக்கும் சந்தேகமாகவே இருக்கிறது.

இலண்டன் தமிழ்க் கத்தோலிக்கர் ஒன்றியத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தெரிவு. ஒன்றியத்துக்குக் கிளைகள் மூன்று, தமிழ்ப் பாதர் ஒருவர். அவர் மாதத்தின் முதல் ஞாயிறு வால்தம்ஸ்டோவில் பூசை வைப்பார், இரண்டாம் ஞாயிறு ஸ்ட்ரெதமில், மூன்றாம் ஞாயிறு கிங்ஸ்பரியில். 1993இல் ஏழு பேர் கூடி ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் ஒன்றியத்தின் யாப்பை, அதாவது விதிகளை, எழுதியபோது, பூசை போகும் வழியிலேயே வாக்கும் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் வாக்களிப்பு. அங்கேயே எண்ணி அங்கேயே அறிவிப்பு. முடிவு தெரியாமல் நம்மவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்பது அந்த ஏழு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அப்போது வால்தம்ஸ்டோவில் நாற்பது குடும்பம், கிங்ஸ்பரியில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று கனடா போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. இப்போது வால்தம்ஸ்டோவில் வாக்குள்ளவர்கள் அறுபத்து மூன்று பேர், ஸ்ட்ரெதமில் நூற்றுப்பதினெட்டு, கிங்ஸ்பரியில் இருநூற்று நாற்பது. வாக்கு போகும் வரிசையை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆகவே தலைவராக ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் மாரிகாலம் முழுவதும் வால்தம்ஸ்டோவிலேயே குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். அங்கே தேர்தல் வருடத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் மூன்று வேட்பாளர்கள் மூன்று வெள்ளிச் சிலுவையோடு வந்து நிற்பார்கள். நத்தாருக்கு ஒவ்வொரு வீட்டிலும் நாலு றிச் கேக் சேர்ந்துவிடும். அதைத் தின்று முடிக்க உயிர்த்த ஞாயிறு வரை செல்லும். அவர்களுடைய பங்கு மண்டபத்துக்கு ஹீற்றர் வந்தது, மேடைக்குத் திரைச்சீலை வந்தது, கார் நிறுத்துமிடத்துக்கு வெள்ளைக் கோடு வந்தது. கிங்ஸ்பரி மண்டபத்தில் குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் தேநீர் குடித்தார்கள். கிங்ஸ்பரிக்காரர் வேட்பாளர் ஒருவரை நேரில் கண்டது கிடையாது. மூன்றாம் ஞாயிறு சீட்டைக் கையில் எடுத்தால் ஒரு பெயரும் சில வெள்ளை இடங்களும் இருக்கும். வெள்ளையாகப் போனவர் யார், நல்லவரா கெட்டவரா, எதுவும் தெரியாது. இருக்கிற பெயருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சந்தேகப்படாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். முதலில் அச்சகக்காரரைச் சந்தேகப்பட்டார்கள். அச்சகத்தை மாற்றினார்கள். மையைச் சந்தேகப்பட்டார்கள். போல்பொயின்ற் பேனையால் கையெழுத்தில் எழுதிப் பார்த்தார்கள். எழுதியதும் போயிற்று, பேனை அழுத்திய தடமும் போயிற்று. ஒருமுறை சீட்டைப் போனில் படமெடுத்து வைத்தார்கள், படத்திலும் அழிந்தது. பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியைக் கொழும்புக்கே அனுப்பிவைத்த வருடமும் உண்டு. திறப்பதற்கு அந்தச் சாவி திரும்பி வரும்வரை பதினொரு நாள் காத்திருந்தார்கள், வெள்ளையைப் பார்ப்பதற்கு. 2017இல் மூன்று இடத்திலும் ஒரே நாளில் வாக்களிப்போம் என்று ஒரு பிரேரணை வந்தது. பிரேரணைக்கும் வாக்கு பூசையோடுதான் போக வேண்டும் என்பது யாப்பு. வால்தம்ஸ்டோ அதைத் தோற்கடித்த நிமிடமே பிரேரணை முழுவதும் அழிந்துபோய், கிங்ஸ்பரிக்காரர் வெறும் தாளுக்கு வாக்களித்தார்கள். எதற்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று தெரியாமலே அது நிறைவேறாமல் போயிற்று.

வால்தம்ஸ்டோ கஸ்பர் நாலு முறை தலைவராக இருந்தவர். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். அறுபத்தெட்டு வயது. பொல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல நம்மால் முடியவில்லை; முயன்று பார்த்தோம். சாவீட்டுக்கு முதல் ஆளாக வருவார், கடைசி ஆளாகக் கதிரை அடுக்குவார். பெயர் அழிவதில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்று வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கிங்ஸ்பரிக்காரர்தான் தன்னைக் கேவலப்படுத்த ஏதோ மருந்து பூசுகிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். யார் முதலில் வாக்களிப்பது என்ற பேச்சு வந்தால் மட்டும் அவருக்குக் குரல் உயரும்.

“சின்ன இடமெண்டால்தான் ஆளை ஆள் பார்க்கலாம். ஒருத்தன் வீட்டுக்கு வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சால் அவன் ஆரெண்டு விளங்கிடும். இருநூற்றிநாற்பது பேரின்ரை வீட்டிலை ஆர் போய்த் தேத்தண்ணி குடிக்கிறது? அங்கை முதல் வச்சால் காசுள்ளவன் நோட்டீஸ் அடிச்சு வெல்லுவான்.”

இதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்றப் பாதி எங்கே போயிற்று என்று கேட்டால் கஸ்பர் கதிரை அடுக்கப் போய்விடுவார்.

2024 ஐப்பசியில் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாதருக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று. இனி மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அவரால் முடியும், எந்த இரண்டு என்பதை அடுத்த தலைவர் எழுதித் தெரிவிக்கட்டும் என்று அதில் இருந்தது. மூன்றாம் ஞாயிற்றை நிறுத்துவோம் என்று கஸ்பர் சொன்னார். கிங்ஸ்பரியில்தான் கார் அதிகம், அவர்கள் எங்கேயும் வந்து போகலாம் என்பது அவர் கணக்கு.

கிங்ஸ்பரியில் கார் இல்லாதவர்களும் இருந்தார்கள். மெற்றில்டா மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர், ஐம்பத்தெட்டு வயது, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவருடைய கணவர் றொனால்ட் பத்தொன்பது வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவர். மனிதர்களின் பெயரை வாசித்து வாசித்தே கண்ணாடி போட்டவர். 2021இல் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஆங்கிலம் முழுதாகப் போயிற்று. தமிழில் அம்மா, தண்ணீர், மனைவியின் பெயர் எதுவும் வரவில்லை. ஆனால் மூன்றாம் ஞாயிறு பூசையில் சனம் பதில் சொல்லும்போது இவரும் சொல்வார். விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் முடிப்பார். ஆமென் என்றால் முன்வரிசை வாங்கில் இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். பூசை முடிந்து வாசலைத் தாண்டியதும் வாய் மூடிக்கொள்ளும். மெற்றில்டா வீட்டில் தனியாகச் செபம் சொல்லிப் பார்த்தார், ரேடியோவில் போட்டுப் பார்த்தார், ஆங்கிலப் பூசைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றுக்கும் அசையவில்லை. தமிழ்ச் சனம் சுற்றி நின்று ஒன்றாகச் சொன்னால்தான் அவருக்கு வரும். ஆக மெற்றில்டா தன் கணவரின் குரலைக் கேட்பது மாதத்தில் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தைத்தான் நிறுத்தப் போகிறார்கள்.

மெற்றில்டா தலைவர் பதவிக்கு மனுக் கொடுத்தார். வேறு யாரும் கஸ்பரோடு மோத முன்வரவில்லை.

அந்த வருடமும் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலராக இருந்தவர் ஸ்ரீனிவாஸ். சென்னை மாம்பலத்தைச் சேர்ந்த ஆடிட்டர், ஹாரோவில் வீடு. யாழ்ப்பாணமும் இல்லை, மன்னாரும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை என்ற மூன்று தகுதியால் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். மார்கழியில் அவர் மெற்றில்டாவுக்குப் போன் எடுத்தார். அலுவலர் ஒரு வேட்பாளருக்கு இப்படி ஆலோசனை சொல்லலாமா என்பது வேறு விஷயம். நாம் அதையும் குறித்து வைத்திருக்கிறோம்.

“ஒரு தடவையாவது வால்தம்ஸ்டோ போய்ட்டு வாங்கம்மா. போகலைன்னா உங்க பேர் அழிஞ்சிடும். நான் ஆடிட்டர், இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனா ரெண்டு தடவை என் கண்ணால பாத்துட்டேன்.”

“இவரை விட்டிட்டுப் போக ஏலாது, தம்பி. கூட்டிக்கொண்டு போனால் நோர்த் சர்க்குலர் றோட்டிலை ஏற முதலே சத்தி எடுத்துப்போடுவார். அழிஞ்சால் அழியட்டும். நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

இது பெரிய பிழை என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் வாக்களிக்கிற இடத்தை விட்டுவிட்டுக் கடைசி இடத்தில் நின்று யாராவது வென்றதுண்டா என்று கேட்டார்கள். மெற்றில்டா அந்த மாரிகாலம் முழுவதும் வழக்கம்போல கிங்ஸ்பரியிலேயே இருந்தார். றொனால்டின் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார், கிளினிக்குக்குப் போனார், பஸ் தரிப்பில் நின்றார். எதிரே வந்தவர்கள் என்னக்கா, தலைவராகப் போறியளாம் என்று கேட்டால், ஓம், மூன்றாம் ஞாயிறை நிப்பாட்டப் போகினமாம் என்று சொன்னார். பிரசாரம் என்றால் அவ்வளவுதான்.

மாசி இரண்டாம் திகதி வால்தம்ஸ்டோவில் அறுபத்து மூன்று பேரும் வாக்களித்தார்கள். கஸ்பருக்கு ஐம்பத்தெட்டு, மெற்றில்டாவுக்கு ஐந்து. கைதட்டல் விழுந்தபோது மணி ஒன்று இருபது. கிங்ஸ்பரிக் கோவில் மூப்பரின் அறையில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு பேர் காவல் இருந்தார்கள். மெற்றில்டாவோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் பிறேமினியும் அதில் ஒருவர். மேலே கஸ்பர், கீழே மெற்றில்டா. ஒன்று இருபதுக்குக் கீழே இருந்த பெயர் கடைசி எழுத்திலிருந்து பின்பக்கமாகக் கழன்றுபோயிற்று. நிதானமாகப் போயிற்று, பதற்றம் எதுவும் இல்லை என்று பிறேமினி சொன்னார். வேட்புமனுப் புத்தகத்திலும், ஒன்றியத்தின் உறுப்பினர் பட்டியலிலும் அந்த இடம் வெள்ளையாயிற்று. மெற்றில்டா செய்தியைக் கேட்டுவிட்டு, எரிவாயுக்காரனின் பில்லில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். அதில் இருந்தது. அது மட்டும் ஒருநாளும் அழியாது என்றார்.

இரண்டாம் ஞாயிறு ஸ்ட்ரெதம். அவர்கள் வழக்கம்போல, முடிந்த காரியத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்ற முகத்தோடு வந்தார்கள். கஸ்பருக்கு நூற்றொன்று. வெள்ளைக்கு ஒன்பது. அந்த ஒன்பது புள்ளடியையும் கண்ணாடி கொண்டுவராதவர்களின் தவறு என்று எல்லாரும் சிரித்துவிட்டுக் கட்லட் தின்னப் போனார்கள்.

மூன்றாம் ஞாயிறு, மாசி பதினாறு. வரிசை மண்டபத்துக்கு வெளியே போய்த் தெருவைத் தொட்டது. இத்தனை வருடமும் வெள்ளையைப் பார்த்துப் பழகிய கிங்ஸ்பரிக்கு அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. முன்பு அழிந்த பெயர்கள் எல்லாம் வால்தம்ஸ்டோவில் கேக் கொடுத்துத் திரிந்தவர்களின் பெயர்கள். இங்கே அவர்களைத் தெரிந்தவர் இல்லை, அதனால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இந்தமுறை அழிந்திருப்பது பஸ் தரிப்பில் தினமும் காண்கிற பெண்ணின் பெயர். வரிசையின் முன்னால் நின்ற பிறேமினி, தனக்கு விடை தெரிந்தும், மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்.

“கீழை கிடக்கிற வெள்ளை மெற்றில்டா அக்காதானே?”

“சீட்டுல யார் பேர் இருக்குன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்க” என்றார் ஸ்ரீனிவாஸ்.

“நான் இல்லாத பேரைத்தானே கேக்கிறன்.”

ஸ்ரீனிவாஸ் மேசையில் இருந்த பென்சில்களை நேராக அடுக்கினார். அவர் சிரித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் பார்க்கவில்லை.

இருநூற்றுப்பதினான்கு பேர் வாக்களித்தார்கள். கஸ்பருக்கு முப்பத்தொன்று, வெள்ளைக்கு நூற்றெண்பத்து மூன்று. கூட்டிப் பார்த்தால் கஸ்பர் நூற்றுத்தொண்ணூறு, வெள்ளை நூற்றுத்தொண்ணூற்றேழு. கஸ்பரின் முகவர் யோகராஜா எழுந்து, பெயரில்லாத இடத்தில் போட்ட வாக்கு செல்லாது என்றார். ஸ்ரீனிவாஸ் கலண்டர் யாப்பை விரித்துப் பதினோராம் விதியை வாசித்தார். வாக்காளர் தாம் விரும்பும் கட்டத்துக்குள் புள்ளடி இட வேண்டும் என்று இருந்தது. கட்டத்துக்குப் பக்கத்தில் பெயர் இருக்க வேண்டும் என்று அந்த ஏழு பேரும் எழுதத் தவறியிருந்தார்கள்.

“ரெண்டு பேர் நின்னாங்க. ஒருத்தர் பேர் இருக்கு. அப்போ மிச்சம் ஒருத்தர்தான். இதுக்கு மேல ஆடிட்டர் என்ன சொல்றது?”

கஸ்பர் இரண்டாம் தரம் எண்ணச் சொன்னார். எண்ணினார்கள், அதே தொகை. “ஓம், சரி” என்றார். அவருக்கு மனம் நொந்துபோயிற்று என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கும் அவர்தான் கடைசியாக நின்று கதிரை அடுக்கினார். பாவமாக இருந்தது என்று எழுதுவதில் நமக்கு வெட்கமில்லை.

பிறகுதான் அசல் சந்தேகங்கள் கிளம்பின. வெற்றி ஏழு வாக்கால். ஸ்ட்ரெதமின் வெள்ளைப் புள்ளடி ஒன்பது. அந்த ஒன்பது பேர் யார் என்று நாம் விசாரித்தோம். ஆறு பேர் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தது உண்மை. இரண்டு பேர் சொல்ல மறுத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் ஸ்ட்ரெதமில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆக, ஒருபோதும் முறைப்பாடு செய்யாத ஸ்ட்ரெதமும் உள்ளுக்குள் என்னவோ நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வென்ற பிறகு மெற்றில்டாவின் பெயர் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. முதலில் வாக்களித்தவர்கள் அழித்ததைக் கடைசியில் வாக்களித்தவர்களால் மீட்க முடியவில்லை. பதவியை மட்டும் கொடுக்க முடிந்தது. கூட்டக் குறிப்பில் தலைவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் வெள்ளைதான். அவர் ஆயர் இல்லத்துக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் சுத்தமாக இருந்தது. இரண்டு ஞாயிற்றையும் மூன்று இடமும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும், ஒவ்வொரு இடமும் மூன்று மாதத்தில் ஒரு மாதம் விட்டுக்கொடுக்கட்டும் என்று எழுதியிருந்தார். அதாவது தன் கணவரின் குரலிலும் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருந்தார். இதில் ஏதும் உள்நோக்கம் இருக்கிறதா என்று நாம் பல நாள் யோசித்தோம். கிடைக்கவில்லை. ஆயர் இல்லமும் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சம்மதம் அனுப்பியது. வாக்கு எங்கே தொடங்குவது என்பதை ஒவ்வொருமுறையும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம் என்று அவர் ஒரு பிரேரணையும் கொண்டுவந்தார். யாப்புப்படி அது முதலில் வால்தம்ஸ்டோவுக்குப் போயிருக்கிறது.

பங்குனி பதினாறாம் திகதி கிங்ஸ்பரிப் பூசையில், நற்கருணைக்குப் பிறகு, பாதர் அறிவித்தல்களை வாசித்தார். தவக்கால யாத்திரை, இறந்தவர்களின் ஆண்டு நினைவு, பிறகு ஒன்றியத்தின் புதிய தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் என்று தொடங்கி நின்றுவிட்டார். தாளில் வெள்ளை. அவருக்குப் பெயர் தெரியாமல் இல்லை. ஆனால் முப்பது வருடமாகத் தாளில் இருப்பதை மட்டுமே வாசித்துப் பழகியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மெற்றில்டா றொனால்டின் இடது கையுறை விழுந்துவிட்டதென்று வாங்குக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

“மெற்றில்டா” என்றார் றொனால்ட்.

ஆமென் சொல்கிற அதே குரலில், பாதர் நிறுத்தினால் சனம் சொல்ல வேண்டிய பதில் அதுதான் என்பதுபோலச் சொன்னார். முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு, செபத்தில் இல்லாததாக அவர் வாயில் வந்த முதல் பெயர் அது. மெற்றில்டா கையுறையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வாங்குக்குக் கீழேயே இருந்தார்.

அப்படியென்றால் இவ்வளவு காலமும் பேசத் தெரிந்துகொண்டேதான் சும்மா இருந்தாரா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. டொக்டர் அப்படி இல்லை என்றார். எப்படி என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. பத்தொன்பது வருடம் முகவரி வாசித்தவருக்கு வெள்ளையாக இருப்பதையும் வாசிக்கத் தெரியும் என்று பிறேமினி சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் றொனால்ட் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மெற்றில்டா கேட்டுப் பார்த்தார், வெறும் தாளைக் காட்டிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். பூசையில், அந்த இடத்தில் மட்டும்தான் அது வருகிறது.

இப்போது கிங்ஸ்பரியில் பூசை உள்ள மாதங்களில் அறிவித்தல் வாசிக்கும் பாதர் தலைவர் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். மண்டபம் முழுவதும் ஒன்றாகப் பெயரைச் சொல்லும். றொனால்ட் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்திச் சொல்லிவிடுகிறார். அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. பிறகு எல்லாரும் தேநீர் குடிக்கப் போகிறார்கள்.